சடச்சி வைத்தியசாலைக்குப் போற பாதை

இந்தக் கதையில ஒரு சொல்லு பொய்யா இருந்தா, நாளைக்கு விடியும்போது எனக்கு வால் முளைக்கட்டும். முளைச்சா நீங்களே பிடிச்சு இழுத்துப் பாத்துக்கலாம்.

ஒரு காட்டில புலிக்குப் பல்லு கொட்டிப்போச்சு. கடவாப்பல்லுகூட மிச்சமில்ல. அப்புறம் அது யாரைக் கடிக்கிறது? காட்டு வாழைப்பழத்த உதட்டால மசிச்சுத் தின்னுக்கிட்டுக் கிடந்துச்சு.

கடிக்க ஆளில்லன்னதும் காட்டுல எல்லாருக்கும் வயசு ஏறிக்கிட்டே போச்சு. முன்னெல்லாம் நரை வர்றதுக்குள்ள புலி வந்துரும். இப்ப நரை வந்து, முட்டிவலி வந்து, காது மந்தமாகி, அதுக்கப்புறமும் ஜம்முனு உக்காந்திருக்குதுங்க. நல்ல காலந்தான். ஆனா அத்தனை வலிக்கும் மருந்து குடுக்குறது ஒரே ஒரு கரடி.

அது பேரு சடச்சி. உடம்பெல்லாம் சடை, கையெல்லாம் பச்சிலை வாசம், வாயெல்லாம் வசவு. மேட்டு மேல ஒரு நாவல் மரம், அதுக்கடியில அதோட வைத்தியசாலை. கீழ பள்ளத்துல குடியிருக்குறவங்க ஒத்தையடிப் பாதையில ஏறித்தான் வரணும்.

விடியறதுக்குள்ள வரிசை நின்னுரும். முன்னால ஒத்தைக்கொம்பன் யானை, பின்னால பல்லுப்போன புலி, கடைசியா முந்தாநாளே கிளம்புன ஆமை.

"உனக்கு என்ன?"

"முட்டி, சடச்சி."

"நேத்தும் முட்டிதானே சொன்ன?"

"நேத்து இடது, இன்னிக்கு வலது. பின்னால இன்னும் ரெண்டு இருக்கு. நாளைக்கும் வருவேன்," அப்படின்னுச்சு யானை.

சடச்சிக்கு ஒரு குறை உள்ளுக்குள்ள முள்ளா குத்திக்கிட்டு இருந்துச்சு. போன வருசம் செவத்தான்னு ஒரு மானுக்குப் பிரசவம். குட்டி குறுக்க கிடந்துச்சு. இந்தக் கூட்டத்துக்கெல்லாம் மருந்து குடுத்துட்டு சடச்சி போய்ச் சேர்றதுக்குள்ள குட்டி போயிருச்சு. இப்ப செவத்தா மறுபடியும் முழுகாம இருக்கா. "இந்தத் தடவை உன் குட்டிய என் கையால எடுத்துக் குடுப்பேன்"னு சடச்சி வாக்குக் குடுத்திருந்துச்சு.

இதைக் கேட்ட கீரி, வைத்தியசாலையில வரிசை பாத்துக்குறவன், மீசைய முறுக்கிட்டு வந்தான்.

"அக்கா, கூட்டத்த ஒழிச்சாத்தான் உனக்கு நேரம் கிடைக்கும். கிழடுங்க யாரும் மேல வர வேணாம். வாரம் ஒருதரம் காக்கா போய் மருந்த வாசல்லயே போட்டுரும். அதுங்களுக்கும் நோகாது, நமக்கும் நோகாது."

சடச்சிக்கு அது நியாயமாப் பட்டுச்சு. "சரி, அப்படியே செய்."

மறுநாள் வரிசையில ஒரு ஈ, காக்கா இல்ல. காக்கா மருந்து போடப் போயிருச்சு. சடச்சி காலை நீட்டித் தூங்குச்சு. ரெண்டாம் நாளும் தூங்குச்சு. மூணாம் நாளு திட்டுறதுக்கு ஆளில்லாம வாய் அரிச்சுது.

கீழ அதைவிட மோசம். காக்கா இருமல் மருந்த முட்டிக்குக் குடுத்துச்சு, தேன் கலந்த மருந்தையெல்லாம் வழியிலயே தின்னுருச்சு. யானை பேச ஆளில்லாம ஒரு பாறைகிட்ட ஊர்நியாயம் பேசுச்சு. பாறை பதில் சொல்லலன்னு கோவிச்சுக்கிட்டு வேற பாறைக்கு மாறுச்சு.

மழை பிடிச்சுது. ரெண்டு மாசம் விடாம ஊத்துச்சு.

ஒருநாள் மத்தியானம் காக்கா கத்திக்கிட்டு வந்துச்சு. "சடச்சி! செவத்தாவுக்கு வலி கண்டுருச்சு! இந்தத் தடவையும் குறுக்க கிடக்காம்!"

சடச்சி பச்சிலைய வாயில கவ்விக்கிட்டு ஓடுச்சு. கொஞ்ச தூரம் போனதும் நின்னுருச்சு. பாதையக் காணோம்!

தினமும் மிதிச்ச காலு நின்னு போச்சு. மிதிக்காத இடத்துல சூரைமுள்ளும் உண்ணிச்செடியும் ஆளுயரத்துக்கு மண்டிப்போச்சு.

தலைய விட்டு நுழைஞ்சு பாத்துச்சு சடச்சி. முள்ளு சடையப் பிடிச்சுது. முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் வர முடியல. இளவட்ட மானுங்க முள்ளு மேல தாவித் தாவி வந்துச்சுங்க. "வா, வா"ன்னுச்சுங்க. கரடி எங்க தாவுறது? வாயில இருந்த பச்சிலையத் துப்பிட்டுக் கத்துச்சு.

"அய்யோ, யாராவது வாங்களேன்! பிள்ளை போயிருமே!"

கீழயிருந்து தும்பிக்கையோட சத்தம் வந்துச்சு. "யாரு, சடச்சியா? எங்களத்தான் வர வேணாம்னு சொல்லிட்டீங்களே!"

"சொன்னேன். புத்தி கெட்டுப்போய்ச் சொன்னேன். வாங்க!"

"இன்னிக்கு மருந்து நாளும் இல்லையே?"

"ஒத்தைக்கொம்பா! வந்தேன்னா மிச்சக் கொம்பையும் ஒடிச்சுருவேன்! சீக்கிரம் வா!"

"ஆ! இந்த வசவக் கேட்டு ரெண்டு மாசமாச்சு!" கிழடுங்க அத்தனைக்கும் உசுரு வந்துச்சு. ஏறுச்சுங்க பாரு மேட்டுல! கண்ணு மங்குனா என்ன? எந்த வளைவுல திரும்பணும், எந்தக் கல்லு வழுக்கும், எல்லாம் காலுக்கு மனப்பாடம். யானை நாலு முட்டியும் நோக நோக முள்ள மிதிச்சு அமுக்குச்சு. புலி நகத்தால சடையச் சிக்கெடுத்துச்சு. ஆமை கிளம்பவே இல்ல, "கீழ செவத்தாவுக்குத் துணை வேணுமே"ன்னு பக்கத்துலயே இருந்துருச்சு.

சடச்சி யானை மிதிச்ச வழியில உருண்டு விழுந்து போய்ச் சேந்துச்சு. பின்னாலயே வந்த புலியப் பாத்துச் செவத்தா நடுங்கிப் போனா.

"பயப்படாத தாயி," அப்படின்னுச்சு புலி. "பல்லு இருந்த காலத்துலயே உங்கம்மா என்னைய ஏமாத்திட்டு ஓடுனவ. இப்ப நான் எந்த மூலைக்கு?"

வலியிலயும் செவத்தா சிரிச்சுட்டா. சிரிச்சதுல உடம்பு தளர்ந்துச்சு. சடச்சி கைய விட்டுக் குட்டியத் திருப்புச்சு. நாலு காலும் நனைஞ்சு, நடுங்கிக்கிட்டு, ஒரு குட்டி வெளிய வந்து "மே"ன்னுச்சு.

சடச்சி ஒவ்வொரு கிழட்டு மூஞ்சியா பாத்துச்சு. கண்ணுல தண்ணி. நன்றி சொல்லத்தான் வாயத் திறந்துச்சு. பழக்கதோசம், வேறதான் வந்துச்சு:

"இனிமே ஒரு நாளு வராம இருந்துபாருங்க, தோல உரிச்சுருவேன்!"

"வர்றோம் தாயி," அப்படின்னுச்சு யானை. "நாளைக்கு முட்டி நாலும் சேத்து வர்றேன்."

இப்ப அங்க போனா வரிசை முன்னைவிட நீளம். ஆனா வேலையும் ஓடுது. காத்திருக்குற நேரத்துல புலி பச்சிலை இடிக்குது, அதுக்குப் பல்லு வேணாமே. யானை தண்ணி கொண்டாருது. அதோட முட்டி நாலுக்கும் எண்ணெய் தேய்க்குற வேலை யாருக்கு? நம்ம கீரிக்குத்தான்.

நீதி: மெதுவா நடக்குற காலைத் தொந்தரவுன்னு நினைக்காதே, நீ ஓடுற பாதையத் திறந்து வெச்சிருக்குறதே அந்தக் கால்தான்.

சரி, கதை கேட்ட வாயெல்லாம் இப்படி வரிசையா வாங்க. கதைக்குக் கூலியா ஆளுக்கு ரெண்டு முறுக்கு எனக்குக் குடுத்துட்டுப் போங்க. உடைஞ்ச முறுக்கு குடுத்தா, கதையத் திருப்பி வாங்கிக்குவேன்!