கணவாய் இறக்கம்

மதுரை கே.கே. நகரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் ரஹ்மத்துன்னிஸா ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் நடத்திவந்தார். கார்களைப் பற்றிப் பேசவும் எழுதவும் ஆசைப்படுகிறவர்களுக்கான பாடம். ஒரு மாதப் பத்திரிகைக்காகப் பல வருடம் புது வண்டிகளை ஓட்டிப் பார்த்து எழுதியவர் அவர். பத்திரிகை நின்றுபோனது. பாடம் நிற்கவில்லை.

படிக்க வந்தவர்களில் நாச்சியப்பன்தான் மூத்தவர். ஐம்பதைத் தாண்டியிருந்தார், பாடம் சொல்கிறவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கீழவாசலில் பெயிண்ட் கடை வைத்திருந்தார். கடையை விட்டால் அவருக்குக் கார்தான் உலகம். யூடியூபில் அவர் புது வண்டிகளைப் பற்றிப் பேசுவதைக் கேட்கப் பெரிய கூட்டமே இருந்தது. ரஹ்மத்தை அவர் 'டீச்சர்' என்பார். ரஹ்மத் அவரை 'அண்ணே' என்பார்.

அந்த வருடம் ஹைப்ரிட் குடும்பக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெட்ரோல் இன்ஜினும் உண்டு, மின்சார மோட்டாரும் உண்டு. எது எப்போது ஓட வேண்டும் என்பதை வண்டியே பார்த்துக்கொள்ளும். நாச்சியப்பன் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தார். ஒன்றை வாங்கியும் விட்டார். ஏழு பேர் உட்காரும் வண்டி. வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான்.

ஒரு ஞாயிறு, பாடம் தொடங்குவதற்கு முன்பே மாடியேறி வந்தார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"கேளுங்கண்ணே."

"நல்ல குடும்பக் கார்னா என்ன? தினம் யாராவது கேக்கறாங்க. மைலேஜைச் சொல்றேன், டிக்கியில எவ்வளவு எடம்னு சொல்றேன், ஏர்பேக் சொல்றேன். எதுவும் தப்பாச் சொல்லல. ஆனா வீடியோ முடிஞ்சதும் எதையோ விட்ட மாதிரியே இருக்கு."

"உங்க வண்டியில உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

நாச்சியப்பனின் முகம் மலர்ந்துவிட்டது.

"சிக்னல்ல நின்னா இன்ஜின் அணைஞ்சிரும் டீச்சர். பிரேக்ல இருந்து கால எடுத்தா பேட்டரியிலேயே நகரும். அப்புறம் இன்ஜின் எந்த எடத்துல வந்து சேருதுன்னு சொல்லவே முடியாது. நானும் காதை வச்சுக் கேட்டுக்கிட்டேதான் ஓட்டறேன். பாதி நேரம் ஏமாந்துபோறேன். முன்னாடி வந்த ஹைப்ரிட்ல ஒரு உலுக்கு உலுக்கும். இதுல மடியில தூங்கற குழந்தைக்குக்கூடத் தெரியாது."

ரஹ்மத் சிரித்தார். "கடைசி வரிசையில உக்காந்து பாத்தீங்களா?"

"உக்காந்து வீடியோவே எடுத்தேனே. முழங்காலுக்கு நாலு விரல் எடம் இருக்கு."

"வண்டி ஓடிக்கிட்டு இருக்கறப்பவா?"

"நிறுத்தி வச்சிருந்தப்ப."

ரஹ்மத் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"வர்ற புதன்கிழமை எங்க பக்கத்து வீட்டுக்காரங்க போடிக்குப் போறாங்க. பொண்ணை அவ புருஷன் வீட்டுல கொண்டுபோய் விடணுமாம். வாடகைக்குக் கார் தேடிக்கிட்டு இருக்காங்க. உங்க வண்டியைக் குடுங்க. நானும் வர்றேன்."

"அதுக்கென்ன, நானே ஓட்டறேன்."

"அவங்க அப்பா ஓட்டுவாரு. வெள்ளைச்சாமின்னு பேரு. கவர்மென்ட் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. நீங்க கடைசி வரிசை."

"டீச்சர், புது வண்டி..."

"தெரியும்."

புதன்கிழமை காலையில் வெள்ளைச்சாமி வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். டயரை மிதித்துப் பார்த்தார். பிறகு பயபக்தியோடு ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்தினார்.

"ஸ்டார்ட் ஆகலையே சார்?"

"ஆயிருச்சுண்ணே."

"சத்தத்தைக் காணோமே!"

"அதான்ணே வண்டி," என்றார் நாச்சியப்பன் பின்னாலிருந்து. அவருக்கு அந்த மனிதரை அப்போதே பிடித்துப்போனது.

முன்னால் வெள்ளைச்சாமிக்குப் பக்கத்தில் ரஹ்மத். நடு வரிசையில் வெள்ளைச்சாமியின் மனைவி பாக்கியமும் மகள் நாகஜோதியும். கல்யாணம் ஆகி இரண்டு வருடம் ஆன பெண். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். கடைசி வரிசையில் நாச்சியப்பன், ஒரு பெரிய சூட்கேஸ், ஒரு வாழைத்தார்.

செக்கானூரணி தாண்டுவதற்குள் அவருக்கு இடுப்பு விட்டுப்போனது. பின்சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருந்தார். சாலையில் இருந்த ஒவ்வொரு குழியும் முதுகெலும்பைத் தேடி வந்தது. ஏசிக் காற்று நெற்றிவரை வந்து நின்றுகொண்டது. 'கடைசி வரிசையிலும் பெரியவர்கள் தாராளமாக உட்காரலாம்' என்று வீடியோவில் தாமே சொன்னது ஞாபகம் வந்தது.

முன்னால் பாட்டு ஓடியது. வெள்ளைச்சாமி ஆனந்தமாக ஓட்டினார்.

"சார், இப்ப எதுல போறோம்? பெட்ரோலா, கரண்டா?"

"ஸ்கிரீன்ல அம்புக்குறி பாருங்கண்ணே! சக்கரத்துல இருந்து பேட்டரிக்குப் போகுதா?"

"ஆமா, போகுது!"

"இப்ப நீங்க கரண்டு தயார் பண்ணிக்கிட்டு இருக்கீங்க!"

"அடேயப்பா!" என்று வெள்ளைச்சாமி ஸ்டியரிங்கைத் தட்டினார். "முப்பது வருஷமா டீசல் இன்ஜினைப் பக்கத்துல வச்சுக்கிட்டே ஓட்டிட்டேன் சார். பின்னாடி யாரு பேசினாலும் என் காதுல விழுந்தது கிடையாது."

நாகஜோதி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். டயர் சத்தத்திலும் பாட்டிலும் நாச்சியப்பனுக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பாக்கியம் தலையை மட்டும் ஆட்டுவது தெரிந்தது. வேண்டாம் என்பதுபோல.

உசிலம்பட்டியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ரஹ்மத் வெள்ளைச்சாமியிடம் மெதுவாகக் கேட்டார். "பேசி முடிச்சாச்சாண்ணே?"

"ஒண்ணுமில்லம்மா. புருஷன் பொண்டாட்டிக்குள்ள சின்ன மனஸ்தாபம். மாப்பிள்ளை நேர்ல வந்து மன்னிப்புக் கேட்டாரு. எல்லாம் சரியாயிரும்."

நாகஜோதி பேசுவதை நிறுத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேட் திறந்து வண்டி வேகம் எடுத்த பிறகு மறுபடி அம்மாவின் தோளுக்குப் போனாள்.

ஆண்டிபட்டி கணவாய் வந்தது. ஏற்றத்தில் இன்ஜின் உறுமியது. நாச்சியப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உச்சி நெருங்குகிறது, அதற்கப்புறம் நீளமான இறக்கம். இந்த வண்டியின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்று அவர் நம்பினார். அதை வெள்ளைச்சாமி போன்ற ஒரு டிரைவருக்குக் காட்டாமல் எப்படி?

"அண்ணே, பாட்டை நிறுத்துங்க!"

"என்ன சார்?"

"பாட்டு! ஏசியையும் நிறுத்துங்க. உச்சிக்குப் போனதும் ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்துருங்க. அப்புறம் கேளுங்க!"

பாட்டு நின்றது. இன்ஜின் மட்டும் ஏற்றத்தில் முக்கிக்கொண்டிருந்தது. நாகஜோதி எதையும் கவனிக்கவில்லை. அந்த உறுமலுக்கு அடியில் பேசிக்கொண்டே இருந்தாள்.

வண்டி உச்சியைத் தொட்டது. வெள்ளைச்சாமி காலை எடுத்தார்.

இன்ஜின் அடங்கியது. ஒரு நடுக்கம் இல்லை, ஒரு முனகல் இல்லை. வண்டி இறக்கத்தில் தானாகப் போய்க்கொண்டிருந்தது.

"இந்தத் தடவை அவரு என்னைக் கொன்னுருவாரும்மா."

நாகஜோதியின் குரல் வண்டி முழுவதும் கேட்டது.

பாக்கியத்தின் கை மகளின் வாயை மூடியது. மூடி என்ன செய்ய?

வண்டி ஒரு வளைவில் இறங்கியது, இன்னொரு வளைவில் இறங்கியது. கீழே சமதளம் வந்ததும் வெள்ளைச்சாமி இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டினார். அவருடைய இடது கால் இல்லாத கிளட்சைத் தேடியது.

"என்ன சொன்ன?" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"அவ ஏதோ பயத்துல..."

"நீ பேசாத பாக்கியம். ஜோதி, என்ன சொன்ன?"

நாகஜோதி துப்பட்டாவை விலக்கி, தோள்பக்கம் சட்டையைக் கொஞ்சம் இறக்கினாள். வெள்ளைச்சாமி திரும்பிப் பார்த்தார். நாச்சியப்பன் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். பார்க்கக் கூடாததை அதற்குள் பார்த்துவிட்டிருந்தார்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"ரெண்டு தடவை சொன்னேம்ப்பா. எல்லாம் சரியாயிரும்னு சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் அம்மாகிட்ட மட்டும் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

வெள்ளைச்சாமி இறங்கிப் போய்ச் சாலையோரம் நின்றார். தேனி பஸ் ஒன்று காற்றை அறைந்துகொண்டு போனது. அதன் டிரைவர் பழக்கத்தில் கை தூக்கினார். இவர் தூக்கவில்லை.

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்தார்.

"கணவாய்ல இருக்கோம் மாப்பிள்ளை," என்றார். பிறகு, "இல்ல. திரும்பிட்டோம்."

எதிர்முனையில் குரல் உயர்ந்தது இவர்களுக்கும் கேட்டது. அவர் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, பின்கதவைத் திறந்து நாச்சியப்பனைப் பார்த்தார்.

"சார், நீங்க ஓட்டுங்க. நான் பிள்ளை பக்கத்துல உக்காந்துக்கறேன்."

யாரும் சொல்லாமலே பாக்கியம் எழுந்து கடைசி வரிசைக்குப் போனாள். நாச்சியப்பன் வண்டியை உசிலம்பட்டிப் பக்கம் திருப்பினார். அங்கே ஓட்டல் ஒன்றைப் பார்த்ததும் வெள்ளைச்சாமி, "ஏதாவது சாப்பிடறியா?" என்று மகளைக் கேட்டார். "இட்லி," என்றாள். நான்கு இட்லி சாப்பிட்டாள். அவர் தமக்கு வந்ததைத் தொடாமல் அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனார்கள். ரஹ்மத்தும் கூடப் போனார். போடியிலிருந்து ஆட்கள் வந்தார்கள், கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். வெள்ளைச்சாமி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு யாரையும் உள்ளே விடவில்லை. வழக்கு நடந்தது. நாகஜோதி ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு வேலைக்குச் சேர்ந்தாள். ஊர் என்ன பேசும் என்று பாக்கியம் கொஞ்ச காலம் அழுதாள். மகள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவதைப் பார்த்துப் பார்த்து அழுகை நின்றுபோனது.

நாச்சியப்பன் சில வாரம் பாடத்துக்கு வரவில்லை. சேனலிலும் புதிதாக எதுவும் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிறு, மற்றவர்கள் போன பின்பு மாடியேறி வந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?"

"தெரிஞ்சிருந்தா அவளை வண்டி ஏறவே விட்டிருக்க மாட்டேன்."

"பின்னே என்னை ஏன் கடைசியில உக்கார வச்சீங்க?"

"உங்க இடுப்பு வலிக்கட்டும்னு."

அவர் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இனிமே இன்ஜினைப் பத்திப் பேசப் போறதில்ல டீச்சர். பழைய வீடியோ எல்லாத்தையும் எடுத்துரலாம்னு இருக்கேன். ஒரு பொண்ணு உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு எனக்கு முன்னாடி உக்காந்திருக்கு. நான் பாட்டுக்கு மோட்டாரைக் கேளுங்க, அம்புக்குறியைப் பாருங்கன்னு கத்திக்கிட்டு வர்றேன். நினைச்சா வெக்கமா இருக்கு. இனிமே மனுசங்களைப் பத்தி மட்டும் பேசறேன்."

ரஹ்மத் நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அந்த இறக்கத்துல இன்ஜின் எப்படி நின்னுச்சு?"

"அதை ஏன் டீச்சர் இப்ப..."

"எனக்குத் தெரிஞ்சாகணும். சொல்லுங்க."

நாச்சியப்பன் வேண்டாவெறுப்பாகத் தொடங்கினார். "கால எடுத்ததும் இன்ஜினுக்குப் பெட்ரோல் நின்னுரும். சக்கரம் மோட்டாரைச் சுத்தும். அந்தக் கரண்டு பேட்டரிக்குப் போகும்." நிறுத்தினார். அவரையும் அறியாமல் கைகள் எழுந்தன. "அது பெரிசில்ல டீச்சர். இன்ஜின் அணையுது பாருங்க, அந்தக் கடைசிச் சுத்துலதான் உதறும். எல்லா இன்ஜினும் உதறும். இதுல அந்த நேரம் பாத்து மோட்டார் எதிர்ப்பக்கமா லேசா ஒரு முறுக்கு முறுக்கும். உதறல் அங்கேயே செத்துப்போகும். நம்ம சீட்டு வரைக்கும் வரவே வராது. கண்ணிமைக்கற நேரம்கூட இல்ல. அதைச் சரியாக் கொண்டுவர எத்தனை பேரு எத்தனை மாசம் மண்டையை உடைச்சிருப்பாங்க!"

"எதுக்காக உடைச்சாங்க?"

"வாங்கறவங்களுக்குச் சொகுசா இருக்கட்டும்னுதான்."

"அவங்களுக்கு ஜோதியைத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு வண்டி உலுக்கியிருந்தா?"

நாச்சியப்பன் யோசித்தார். கைகள் மெல்லக் கீழே இறங்கின.

"அந்தப் புள்ள பேச்சை நிறுத்தியிருக்கும்."

ரஹ்மத் தலையசைத்தார்.

"ஜோதியைத் தெரியாத யாரோ அதை அவ்வளவு சுத்தமாச் செஞ்சிருக்காங்க அண்ணே. அதைச் சொல்லவும் ஒரு ஆள் வேணாமா?"