கோமதியின் நான்கு புத்தகங்கள்

ஜெபராணியும் பகவதியும் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் கணினிப் பிரிவில் இரண்டாம் ஆண்டு மாணவிகள். சென்னை நிறுவனம் ஒன்றில் கோடைப் பயிற்சிக்கு ஒரே ஓர் இடம் வந்தது. டேட்டாபேஸ் பாடத்தில் சிறந்த புராஜெக்ட் செய்பவருக்கு அது என்றார் சுடலைமுத்து சார். அன்றிலிருந்து பகவதிக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏட்டி, சாரு ஒன் திரையத்தான பாக்காரு. நாங்கல்லாம் கண்ணுக்குத் தெரிய மாட்டோம்."

"சும்மா இருட்டி. நேத்து உன்னோடத அரை மணி நேரம் பாத்தாருல்லா."

"ஒம்போது நிமிசம்" என்றாள் பகவதி.

ஜெபராணி செய்தது நூலகத்துக்கான டேட்டாபேஸ். ஒரு டேபிளில், அதாவது அட்டவணையில், உறுப்பினர் பெயர்கள். இன்னொன்றில் அவர்கள் எடுத்துச்சென்ற புத்தகங்கள். இரண்டையும் ஒரு விதியால் கட்டியிருந்தாள். ஒருவர் பெயரில் ஒரே ஒரு புத்தகம் பதிவாகியிருந்தாலும் அந்தப் பெயரை அழிக்க முடியாது, கணினி மறுத்துவிடும்.

லேபில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. மதிப்பீட்டில் சார் கேட்கும் முதல் கேள்வியும் எல்லோருக்கும் தெரியும்: அதிகப் புத்தகம் எடுத்தவர் யார்? ஜெபராணியின் பட்டியலில் அது கோமதி, நான்கு புத்தகங்கள்.

மதிப்பீட்டு நாளன்று மதியம் சார் கேட்டார். திரையில் கோமதியும் இல்லை, நான்கு புத்தகங்களும் இல்லை.

காலையில் அந்தக் கணினியில் உட்கார்ந்தவள் பகவதி.

"என்னோடதுன்னு நெனச்சுக் கை தவறி அழிச்சிட்டேன் சார்."

"எத்தன தடவ அழிச்ச?"

"ஒரே தடவதான் சார். கோமதி பேர மட்டும். புத்தகமெல்லாம் அதோட சேந்து போயிருக்கும்."

ஜெபராணியின் விதியை யாரும் தொடவில்லை என்பதைச் சார் சரிபார்த்துக்கொண்டார்.

பகவதியின் கை தவறியதா, அல்லது அவள் வேண்டுமென்றே அழித்தாளா? சார் எதைக் கொண்டு முடிவு செய்திருப்பார்?

விடை: வேண்டுமென்றே அழித்தாள். அந்த விதி இருக்கும்வரை கோமதியின் பெயரை மட்டும் அழிக்கக் கணினி விட்டிருக்காது. முதலில் நான்கு புத்தகப் பதிவுகளையும் தேடி நீக்க வேண்டும், பிறகுதான் பெயர். இவ்வளவு ஒழுங்காக யாருக்கும் கை தவறுவதில்லை. பயிற்சி இடம் ஜெபராணிக்குப் போனது. சார் விளக்கியபோது பகவதி மறுக்கவில்லை. "இந்த விதிய அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான் சார்" என்று மட்டும் சொன்னாள்.