ஆறாவது ஓடு

ஒரு காட்டில் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ஆறு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கோடையில் முழங்கால் அளவு தண்ணீர், மழைக்காலத்தில் ஆளையே அடித்துப் போகிற வெள்ளம், அவ்வளவுதான் அதன் சங்கதி. அந்த ஆற்றங்கரைப் புதர் ஒன்றில் கருவாலன் என்ற கீரி தன் மனைவி மினுக்கியோடும் மூன்று குட்டிகளோடும் குடியிருந்தான்.

குடியிருந்தான் என்பதைவிட ஒண்டிக்கொண்டிருந்தான் என்பதே சரி. அவனுக்குச் சொந்தமாக மேட்டில் அருமையான வளை ஒன்று உண்டு. மழை எவ்வளவு கொட்டினாலும் உள்ளே ஒரு சொட்டு இறங்காது. பங்குனி மாதத்தில் குடும்பத்தோடு இரை தேடப் போயிருந்த நேரம் பார்த்து, முள்ளாண்டி என்ற முள்ளம்பன்றி அதற்குள் புகுந்துகொண்டான்.

"இது என் வீடு" என்றான் கருவாலன்.

"உள்ளே இருப்பவன் நான். முடிந்தால் வந்து வெளியே தள்ளு" என்று முள்ளாண்டி முதுகைத் திருப்பிக் காட்டினான். முதுகு முழுக்க முள்.

பாம்பைக் கண்டால் பந்தாடுகிற கருவாலனுக்கு முள் என்றால் உதறல். இருந்தாலும் ஒரு தடவை முட்டிப் பார்த்தான். மூக்கில் நான்கு முட்களோடு திரும்பி வந்தான். மினுக்கி அவற்றைப் பல்லால் கடித்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். குட்டிகள் அப்பாவின் மூக்கைப் பார்த்துப் பார்த்து அழுதன.

"மழைக்கு முன்னால் வளையை மீட்டாக வேண்டும்" என்றாள் மினுக்கி. "தண்ணீர் ஏறினால் முதலில் மூழ்குவது இந்தப் புதர்தான். குட்டிகளுக்கு இன்னும் நீந்த வராது."

"வழி இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் முள்ளாண்டி கிழங்கு தோண்டக் கிளம்பிவிடுவான். அந்த நேரம் பார்த்து நான் உள்ளே புகுந்து வாசலை அடைத்து உட்கார்ந்துவிடுவேன். அவன் வந்து குத்துவான். குத்தினாலும் முள் ஏறாத சட்டை ஒன்று மட்டும் வேண்டும்."

"அப்படிப்பட்ட சட்டை எங்கே கிடைக்கும்?"

அது எங்கே கிடைக்கும் என்று இரண்டே நாளில் கருவாலனுக்குத் தெரிந்துவிட்டது.

ஆற்று நடுவே ஒரு மணல்திட்டு. அதில் எங்கு பார்த்தாலும் நண்டு வளைகள். நண்டைப் பிடித்தால் அது என்ன செய்யும் தெரியுமா? தன் காலையோ கொடுக்கையோ பட்டென்று கழற்றிப் போட்டுவிட்டு ஓடி ஒளிந்துகொள்ளும். அன்றைக்குக் கருவாலன் சும்மா விளையாட்டாக ஒரு நண்டைப் புரட்டினான். தின்பதற்கு இல்லை, நண்டு தின்றால் அவனுக்கு வயிற்றைப் பிசையும். புரட்டிய நண்டு காலைப் போடவில்லை. உள்ளங்கை அகலத்தில், கல்லைப் போல உறுதியான ஒரு சிவப்பு ஓட்டைப் போட்டுவிட்டு ஓடியது.

கருவாலன் அதைக் கடித்துப் பார்த்தான். பல் ஏறவில்லை. கருவேல முள்ளால் குத்திப் பார்த்தான். முள்தான் முறிந்தது.

"ஆறு ஓடு போதும்" என்று வீட்டுக்கு ஓடி வந்து சொன்னான். "மார்புக்கு இரண்டு, தோளுக்கு இரண்டு, கழுத்துக்கு ஒன்று, தலைக்கு ஒன்று. கொடியால் கட்டிக்கொண்டால் முடிந்தது வேலை. ஒரே வாரம்."

மறுநாள் விடிந்ததும் மணல்திட்டில் நின்றான். பத்து நண்டைப் புரட்டினான். பத்துக் கால் கிடைத்தது. இன்னும் பத்தைப் புரட்டினான். இரண்டு கொடுக்கு, ஒரு நத்தைக் கூடு, மிச்சமெல்லாம் சேறு. முகமெல்லாம் சேற்றோடு வீட்டுக்கு வந்தான். நான்கு நாள் இப்படியே போயிற்று.

ஐந்தாம் நாள் வெறுத்துப்போய், "சீ, நாளையிலிருந்து வரமாட்டேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே கடைசியாக ஒரு நண்டைத் தட்டினான். இரண்டாவது ஓடு விழுந்தது.

அப்போது அவன் ஒரு வெள்ளைப் பாறையின் மேல் நின்றிருந்தான். இடது முன்னங்கால் தண்ணீரில் இருந்தது. வால் தூக்கியிருந்தது. கருவாலன் யோசித்தான். முதல் நாளும் வால் தூக்கித்தானே இருந்தது? ஆமாம், இருந்தது போலத்தான் தோன்றியது. ஆகா, விஷயம் இப்படிப் போகிறதா என்று பிடித்துக்கொண்டான்.

அன்று முதல் வெள்ளைப் பாறையை விட்டு அவன் நகரவில்லை. இடது காலைத் தண்ணீரில் விட்டு, வாலைத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, நண்டைப் புரட்டுவான். கால் மரத்துப்போகும். வால் வலிக்கும். ஓடு மட்டும் லேசில் விழாது. சலித்துப்போய் "இனிமேல் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன்" என்று அவன் புலம்புகிற அன்றைக்குப் பார்த்து ஒன்று விழும். உடனே சலிப்பெல்லாம் பறந்துவிடும். குதித்துக்கொண்டு வீட்டுக்கு வருவான்.

இப்படி ஆனி முடிவதற்குள் ஐந்து ஓடு சேர்ந்துவிட்டது. ஐந்தையும் புதரின் கிளையில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டான்.

"ஐந்து போதாதா?" என்று கேட்டாள் மினுக்கி. "தெற்கே மேகம் கட்டுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது."

"தலைக்கு இல்லையே."

"இல்லாவிட்டால் என்ன? இன்றைக்கே போய்விடுங்கள்."

"அரைகுறையாகப் போய் மூக்கில் குத்து வாங்கவா? ஒன்றே ஒன்றுதானே பாக்கி. நாளைக்கே விழுந்தாலும் விழும். நடுவில் நீ வந்து கத்தி அந்த நேரத்தைக் கெடுத்துவிடாதே."

மினுக்கிக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சொல்லி அவன் எதைக் கேட்டான்? குட்டிகளை இழுத்து அணைத்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

ஆடி பிறந்தது. கருவாலன் இருட்டோடு எழுந்து போவான். பொழுது போன பிறகு வருவான். குட்டிகள் அப்பாவை நேரில் பார்த்துப் பல நாளாயிற்று. பாறையில் நின்று நின்று அவன் இடது பாதம் வெளுத்து ஊறிப்போயிருந்தது. முன்பெல்லாம் சலித்துக்கொள்வான், இப்போது அதுகூட இல்லை. ஒன்றுதானே, ஒன்றுதானே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒருநாள் உச்சிப்பொழுதில் வானம் கறுத்தது. மேற்கு மலையில் மழை பிடித்துக்கொண்டது. கருவாலன் அண்ணாந்து பார்த்தான். வீட்டுக்கு ஓட வேண்டும் என்று தோன்றியது. இன்னும் பத்து நண்டு, அதோடு போய்விடலாம் என்றும் தோன்றியது. பத்து முடிந்தது. இன்னும் பத்து என்றான்.

திடீரென்று ஆறு செந்நிறமாகப் புரண்டு வந்தது. மணல்திட்டின் மேல் தண்ணீர் ஏறியது. நண்டுகளெல்லாம் வளையை விட்டு வெள்ளைப் பாறை மேல் ஏறி அவனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. வளைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. புகுந்த வெள்ளம் உள்ளே இருந்த ஒரு சிவப்பு ஓட்டை வெளியே தள்ளியது.

கருவாலன் பாய்ந்து அதை எடுத்தான். ஆறாவது ஓடு! அவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் இன்னொன்று மிதந்து வந்தது. அதன் பின்னால் இரண்டு. அதன் பின்னால் பத்து. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தெரியவில்லை. ஆறு முழுக்கச் சிவப்பு ஓடு.

நண்டுகளுக்குத் தலைவி கொடுக்காத்தாள் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கருவாலன் மெதுவாக அவள் பக்கம் திரும்பினான்.

"இவ்வளவும் எங்கே இருந்தது?"

"வளைக்குள்தான். வேறெங்கே? வளர வளர நாங்கள் சட்டை உரிக்கிறோம். பழையதை மூலையில் போட்டு வைக்கிறோம்."

"அப்படியென்றால் முதல் நாளே எனக்கு ஆறையும் கொடுத்திருக்கலாமே."

"கொடுத்திருந்தால் மறுநாள் வந்திருப்பீரா?"

கருவாலனுக்கு விளங்கவில்லை. "நான் வந்து உங்களுக்கு என்ன லாபம்? அடித்தேன், உருட்டினேன், எத்தனை பேர் காலை உடைத்தேன்."

"கால் போனால் எங்களுக்கு மறுபடி முளைக்கும், கீரியாரே. உயிர் போனால் முளைக்குமா? வருஷா வருஷம் கோடையில் இந்தத் திட்டில் நாரைகள் வந்து இறங்கும். எங்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிடுவோம். இந்த வருஷம் ஒருத்தர்கூடப் போகவில்லை. கீரி நிற்கிற இடத்தில் எந்த நாரை கால் வைக்கும்? உமக்குப் புண்ணியமாகப் போகட்டும்."

"அப்போது இந்த வெள்ளைப் பாறை? இடது கால்? வால்?"

குஞ்சு நண்டுகள் சிரித்துவிட்டன. கொடுக்காத்தாள் அவற்றை அதட்டிவிட்டுச் சொன்னாள்: "அதெல்லாம் நீராகச் செய்துகொண்டது. முதல் ஓடு உமக்கு ஆசை காட்டப் போட்டது. அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரே கணக்குதான். 'இனிமேல் வரமாட்டேன்' என்று நீர் முணுமுணுத்தால் ஒன்றைப் போடுவோம்."

"அப்படியென்றால் ஆறாவதை ஏன் போடவில்லை?"

"ஐந்து கிடைத்த பிறகு நீர் ஒரு தடவைகூட முணுமுணுக்கவில்லையே. ஒன்றுதான் பாக்கி என்று நீராகவே வந்து நின்றீர். பிறகு எதற்கு அதையும் போட்டு உம்மை அனுப்பிவைக்க வேண்டும்?"

கருவாலன் கரைப் பக்கம் திரும்பினான். அப்போதுதான் புதர் நினைவுக்கு வந்தது. கிடைத்த ஓடுகளில் ஆறை அவசர அவசரமாகக் கையோடு கொண்டுவந்திருந்த கொடியால் உடம்பில் கட்டிக்கொண்டு, வெள்ளத்தில் விழுந்து நீந்திக் கரையேறி ஓடினான்.

புதர் இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. நுனிக் கிளை மட்டும் வெளியே தெரிந்தது. அதில் தொங்கிய ஐந்து ஓடுகளையும் காணவில்லை. மினுக்கியைக் காணவில்லை. குட்டிகளைக் காணவில்லை.

"மினுக்கி" என்று கத்தினான். மழைச் சத்தத்தில் அது அவன் காதிலேயே விழவில்லை. கரையில் மேலும் கீழும் ஓடினான். பாவி நான், பாவி நான் என்று தலையிலேயே அடித்துக்கொண்டான். தலையில் ஓடு இருந்ததால் கைதான் வலித்தது.

எதற்கும் முள்ளாண்டியையாவது கேட்டுப் பார்ப்போம் என்று மேட்டுக்கு ஏறினான். முள்ளாண்டி ஒரு மரத்தடியில் நனைந்து நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என் மனைவியைப் பார்த்தாயா?" என்றான் கருவாலன்.

"பார்க்காமல் என்ன?" என்று சிடுசிடுத்தான் முள்ளாண்டி. "வானம் இருட்டியதும் பொழுது சாய்ந்துவிட்டது என்று நினைத்துக் கிழங்குக்குக் கிளம்பினேன். திரும்பி வந்தால் உன் வீட்டுக்காரி வாசலை அடைத்து உட்கார்ந்திருக்கிறாள். குத்திக் குத்தி என் முள்தான் பாதி முறிந்தது. உங்கள் வீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டாம் இந்தச் சங்கடம்."

கருவாலன் வளைக்கு ஓடினான். வாசலில் ஐந்து ஓட்டையும் கட்டிக்கொண்டு மினுக்கி உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் மூன்று குட்டிகளும் உடம்பு நனையாமல் தூங்கிக்கொண்டிருந்தன.

அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதான். அழுது முடிந்ததும் கேட்டான்: "தலைக்கு என்ன செய்தாய்?"

"குனிந்துகொண்டேன்" என்றாள் மினுக்கி.

அவன் உள்ளே வரப் பார்த்தான். மார்பும் தோளும் தலையும் வாசலில் இடித்தன.

"அதையெல்லாம் கழற்றிவிட்டு வாருங்கள். நானே உள்ளே வந்த பிறகுதான் கட்டிக்கொண்டேன். அவ்வளவு பெரிய வாசலா நம்முடையது?"

கருவாலன் கொட்டுகிற மழையில் நின்று ஒவ்வொன்றாகக் கழற்றினான். ஐந்தும் சுலபமாக வந்துவிட்டன. ஆறாவது ஓட்டின் முடிச்சு ஈரத்தில் இறுகிப்போயிருந்தது. அதை அவிழ்க்கத்தான் வெகுநேரம் ஆயிற்று.

நீதி: போதும் என்று நிறுத்தத் தெரியாதவன், வேட்டையாடுவதாக நினைத்துக்கொண்டே பிறருக்குக் காவல் நிற்பான்.