உப்பளத்தில் வெந்த கேக்கு

தூத்துக்குடியில் யாராவது "கிறிஸ்மஸ் கேக்கு எங்க வீட்டுலயே செஞ்சது" என்று சொன்னால் பாதியை நம்பினால் போதும். மாவு குழைப்பது வீட்டில், வேகவைப்பது பேக்கரியில். டிசம்பர் இருபது தாண்டிவிட்டால் மாவுப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு பேக்கரியின் பின்வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். நம் முறை வரும்போது மாவைத் தகர டின்களில் ஊற்றி, பெயர் எழுதிய துண்டுச்சீட்டை ஈர்க்குச்சியில் குத்தி மேலே நட்டு, விறகடுப்புக்குள் தள்ளுவார்கள். பிறகு நம் கேக்கு நம்மிடமே வருவது கர்த்தர் சித்தம்.

நான் பெனித்தா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அன்றைக்குப் பதினொன்றரை மணிக்கு வரிசையில் முதல் ஆளாக நின்றேன். அடுப்பு பார்க்கும் மாசிலாமணி வெளியே வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாலு டின்னுக்குத்தான் எடம் இருக்கு. டீச்சர் மாவோட சரி. அதுக்கப்புறம் நாளைக்கும் நாளன்னைக்கும் கடை ஆர்டர்தான், வீட்டு மாவு எடுக்க மாட்டோம். பத்து நிமிசத்துல பழைய டின்னு வெளிய வந்துரும், அடுத்தது உங்களது."

எனக்குப் பின்னால் நின்றவருக்கு முகம் சுருங்கிப்போனது. தொம்மை கொரேரா. முத்தையாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். மடியில் வைக்கும் பிள்ளை மாதிரி ஒரு பெரிய எவர்சில்வர் தூக்குப் பாத்திரத்தை அணைத்திருந்தார். அதன் மூடிக்கு மேலே ஈரத்துணி கட்டியிருந்தது.

"டீச்சர், அந்த எடத்த எனக்கு விட்டுத் தந்துருங்க. என் மகளுக்குத் தலை கிறிஸ்மஸ். கேக்கு நாளைக்கு நாகர்கோயில் சம்பந்தி வீட்டுக்குப் போயாகணும்."

"எனக்கும்தான் வீட்டுல மூணு பேரு வாயத் திறந்துட்டு இருக்காங்க, அண்ணாச்சி."

"உங்களது வெறும் கேக்கு. இது கொரேரா வீட்டுக் கேக்கு. வித்தியாசம் இருக்குல்லா?"

எனக்குச் சுருக்கென்றது. அவருக்குப் பின்னால் பைக்கில் சாய்ந்து நின்ற ஜெபசிங், தன் மாவுக்கு இனி வழியில்லை என்று தெரிந்தும் கிளம்பாமல், "என்ன வித்தியாசம்? சொல்லுங்க கேப்போம்" என்றான். வேடிக்கை பார்க்க ஆசை.

அவ்வளவுதான், அண்ணாச்சி ஆரம்பித்துவிட்டார்.

"நீங்கல்லாம் பழத்த ஒரு மாசம் ரம்முல ஊறப்போடுவிய. எங்க வீட்டுல என் கல்யாணத்தன்னைக்கு ஊறப்போட்டது, பாத்துக்கிடுங்க. மகளுக்குக் கல்யாணம் ஆன பெறகுதான் ஜாடியத் திறந்தோம். ஒவ்வொரு கிஸ்மிஸ்ஸும் பனங்காய் தண்டிக்கு ஊதிப் போயி கெடக்கு. ஒரு காக்கா வந்து ஒண்ணே ஒண்ண கொத்திட்டுப் போச்சு. மறுநா காலையில கோயில் மணிக்கூண்டுல உக்காந்து பூசைக்கு மணியடிக்கி! சாமியார் அதுக்கு மூணு மாசம் வேலை போட்டுக் குடுத்தாரு."

"அப்புறம் ஏன் நிறுத்தினாரு?" என்றான் ஜெபசிங்.

"போதை தெளிஞ்சிட்டு. தெளிஞ்ச காக்கா எதுக்குவே கோயிலுக்கு வருது?"

மாசிலாமணி சிரித்தபடி உள்ளே போனார். அண்ணாச்சியின் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரி. கலெக்டர் ஆபீஸ்லருந்து கேக்கு கேட்டு ஆள் வந்திருக்கும்" என்று அழைப்பைத் துண்டித்துப் பையில் போட்டார்.

"போன வருசம் நாங்க போட்ட கேக்குக்கு எத்தன முட்டை தெரியுமா, டீச்சர்? ஆயிரத்து எரநூறு."

இங்கே என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஒரு முட்டை உடைக்க இருபது செகண்டு. ஆயிரத்து இருநூறு முட்டைக்கு ஆறு மணி நாற்பது நிமிஷம். யாரு உக்காந்து உடைச்சா?"

"உடைக்கவே இல்ல டீச்சர்! கொரேரா வீட்டுக் கேக்குக்குன்னு தெரிஞ்சதும் அதுவளே சந்தோசத்துல உடைஞ்சுட்டு. அடிக்கதுதான் பெரும்பாடாப் போச்சு. கை வலிக்கின்னு என் மச்சினன் லாஞ்சிப் படகக் கொண்டாந்து, அதுக்க காத்தாடிய அண்டாக்குள்ள விட்டு இஞ்சின ஓட்டினான். நுரை பொங்குச்சு பாருங்க, வீட்டு ஓட்டத் தூக்கிட்டு மேல போச்சு. பக்கத்துல நின்ன தென்னை மரத்துல ஒருத்தன் எளநி பறிச்சிட்டு நின்னான். அவன் மரத்துலருந்து நுரையில கால் வச்சு, படியில எறங்குறாப்புல எறங்கி வந்தான்."

"அந்தத் தண்டி மாவ எந்த அடுப்புல வச்சிய?" ஜெபசிங் கேட்டான்.

"அடுப்பா? உப்பளத்துல நாலு பாத்தியக் கழுவி ஊத்தினோம். வெயில்லயே வெந்துட்டு."

"டிசம்பர்லயா? மழை பேயுற மாசத்துல?" என்றேன் நான்.

மடக்கிவிட்டோம் என்று நினைத்தேன். அண்ணாச்சி கண் சிமிட்டக்கூட இல்லை.

"அதுக்குத்தான் மே மாசமே ஊத்திட்டோம். டிசம்பருக்குப் பதமா இருந்துச்சு."

செல்போன் மறுபடி அடித்தது. மறுபடி துண்டித்தார்.

"கேக்கு உப்பி உப்பி, கடல் பக்கமா மலை மாதிரி நின்னுது. கொழும்புலருந்து வந்த கப்பல்காரன் அதக் கரைன்னு நெனச்சு நங்கூரத்தப் போட்டுட்டான். தூக்கும்போது பாத்தா நங்கூரத்துல முழு முந்திரிப்பருப்பு ஒட்டிக்கிட்டு இருக்கு! கப்பல்ல உள்ளவன் பூரா எறங்கி வந்து தின்னான். தின்னுட்டுக் கப்பல்ல ஏறினானுவ, கப்பல் அமிந்துட்டு. ரெண்டு நாள் பட்டினி போட்டுத்தான் மெதக்க வச்சாங்க. எறும்பு கோயில்பட்டியிலருந்து வரிசை கட்டி வந்துச்சு. அந்த எறும்புக, இந்தா நீங்க முண்டியடிக்கியளே, இப்படி முண்டவே இல்ல. பின்னால வந்த எறும்புக்கு அவசரம்னா முன்னால நின்ன எறும்பு எடம் விட்டுச்சு, டீச்சர்."

எங்கே சுற்றினாலும் அடுப்படிக்கே வந்து நின்றார். பலே ஆள்தான்.

"எல்லாஞ் சரி அண்ணாச்சி," என்றான் ஜெபசிங். "ரம்மு, கிராம்பு, வெனிலான்னு எங்க மாவெல்லாம் தெரு முனை வரைக்கும் மணக்கு. உங்க தூக்குல ஒரு மணமும் காணுமே?"

"மணத்த உள்ளேயே கட்டிப்போட்டு வச்சிருக்கோம்வே. வெளிய விட்டா பேக்கரி தாங்காது."

அப்போதுதான் அது நடந்தது. நானே என் கண்ணால் பார்த்தேன். தூக்குப் பாத்திரத்தின் மூடி, ஈரத்துணியோடு சேர்ந்து, தானாக ஒரு விரல்கடை மேலே எழும்பியது.

ஜெபசிங் பைக்கை விட்டு நிமிர்ந்தான். நான் வாயைப் பிளந்தேன். இருபது வருஷமாகக் கேக்கு போடுகிறேன், அடுப்புக்குள் போகும் முன்னே எந்த மாவும் இப்படிப் பொங்கிப் பார்த்ததில்லை. அண்ணாச்சியே ஒரு நொடி திகைத்துப்போனார் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அடுத்த நொடியே சுதாரித்துக்கொண்டார்.

"பாத்தியளா? அடுப்ப வெளியிலருந்து பாத்ததுக்கே இப்படி!"

பிறகு குரலைத் தாழ்த்தி என் பக்கம் திரும்பினார். அந்தக் குரலில் புளுகு இல்லை.

"டீச்சர், கல்யாண வீட்டுல வச்சு சம்பந்தியம்மா என்ன சொன்னா தெரியுமா? தூத்துக்குடிக்காரங்களுக்கு மக்ரூன் மட்டுந்தான் வரும், கேக்கு வராதுன்னு. எம் மக முன்னாலயே சொன்னா. பிள்ள மொகம் வாடிட்டு. நாளைக்கு நான் கேக்கு இல்லாம அந்த வீட்டு வாசப்படி எப்படி மிதிப்பேன்?"

எனக்கு மனசு இளகிவிட்டது. ஊர் மானத்தையும் சேர்த்து இழுத்துவிட்டாரே! "போங்க அண்ணாச்சி. என் பிள்ளைங்க இந்த வருஷம் கடைக் கேக்கு தின்னட்டும்" என்று ஒதுங்கி நின்றேன். அவர் கண் கலங்கியது, என் கண்ணும்தான்.

மாசிலாமணி நாலு டின்னை மேசையில் அடுக்கி, சீட்டில் 'தொம்மை கொரேரா' என்று எழுதி முடித்தார். நாங்கள் எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றோம். அண்ணாச்சி ஈரத்துணியை அவிழ்த்தார். மூடியைத் திறந்தார்.

வெள்ளை வெளேரென்று, நுரைத்து, குமிழி விட்டுக்கொண்டிருந்தது மாவு. புளிப்பு வாடை மூக்கில் ஏறியது.

அந்த நேரம் பார்த்து செல்போன் மூன்றாவது தடவை அடித்தது. அண்ணாச்சி கை தானாக அதை எடுத்துக் காதில் வைத்தது. அந்த அம்மாவின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவைப்படவில்லை.

"எத்தன தடவ அடிக்கேன்! கேக்கு மாவு இங்க மேசை மேல இருக்கு. நீங்க தூக்கிட்டுப் போனது ராத்திரிக்கு வச்சிருந்த இட்லி மாவு!"

மாசிலாமணி எட்டிப் பார்த்தார். "பதமாத்தான் பொங்கியிருக்கு. பூ மாதிரி வரும்" என்றார்.

முத்தையாபுரம் போய்த் திரும்ப ஒரு மணி நேரமாவது ஆகும். அடுப்பு காத்திருக்காது. அண்ணாச்சி மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. என் பாத்திரத்தை மேசையில் வைத்து நாலு டின்னிலும் மாவை ஊற்றினேன். இரண்டில் 'பெனித்தா' என்று எழுதிக் குத்தினேன். மற்ற இரண்டில், ஏற்கெனவே எழுதி வைத்திருந்த சீட்டையே இரண்டாகக் கிழித்து, 'தொம்மை' ஒன்றிலும் 'கொரேரா' மற்றதிலும் நட்டேன்.

"டீச்சர்..." என்றார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"நாகர்கோயில்ல போயி நம்ம ஊர் மானத்தக் காப்பாத்துங்க, போதும்."

டின்கள் உள்ளே போயின. நான் பாத்திரத்தைக் குழாயடியில் கழுவிவிட்டு வர ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. அதற்குள் மணம் வெளியே வரத் தொடங்கியிருந்தது. கடைக்கு ரொட்டி வாங்க வந்த நாலைந்து பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு, தூக்கை மறுபடி இடுப்பில் அணைத்தபடி அண்ணாச்சி நடுவில் நின்றார்.

"உள்ள வேகுதுல்லா, அது எங்க வீட்டுக் கேக்கு. பழத்த எப்ப ஊறப்போட்டேங்கிய? என் கல்யாணத்தன்னைக்கு! இந்தா வாராங்களே டீச்சர், இவங்களே நம்மகிட்ட கேட்டுப் படிச்சவங்கதான்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, உங்க வேட்டியில இட்லி மாவு வழியுது."