முதல் வாய்

ரொம்ப காலத்துக்கு முன்னால், கடலோரத்தில் வேலங்கரை என்றொரு நாடு. அதை ஆண்டவர் மகரபூபதி ராஜா. காலையில் கொடுத்த வாக்கை மத்தியானச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடுவார். அதைத் தவிர நல்ல மனுஷர்தான்.

அந்த நாட்டில் அப்போது காரம் என்றால் மிளகு. மிளகாயை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஒருநாள் தூரதேசக் கப்பலில் சிவப்புச் சிவப்பாக ஒரு மூட்டை வந்து இறங்கியது. சந்தையில் உப்பு விற்ற பூவாயி ஒரு பழத்தைக் கடித்துப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனாலும் கையில் கிடந்த இரண்டு வளையலையும் கழற்றிக் கொடுத்து மூட்டையை வாங்கிவிட்டாள்.

வாங்கினது சுலபம், விற்றதுதான் பாடு. "பாம்பு கக்கின பழம்" என்று ஊர் ஒதுங்கியது. ஒருத்தன் வீம்புக்கு ஒரு கைப்பிடி மென்றுவிட்டு உருண்டான்; அவன் சொந்தக்காரர்கள் வந்து கடையைப் பிரித்துப் போட்டார்கள். அரண்மனை வைத்தியர் விஷம் என்றார். விஷம்தானா என்று பார்க்க, அவளையே மிளகாய் தின்னவைத்துக் காவல்கூடத்தில் மூன்று நாள் பூட்டி வைத்தார்கள். அவள் சாகவில்லை. வெளியே வந்ததும் வீடு வீடாக ஏறி, "ரெண்டே ரெண்டு கிள்ளிப் போட்டுத் தாளிச்சுப் பாரு தாயி" என்று சமைத்துக் காட்டினாள். சொந்தமாகப் பயிர் வைத்தாள். முதல் விளைச்சல் பூஞ்சை பிடித்து வீணானது. எப்படிக் காயவைப்பது என்று கேட்கவாவது அந்நாட்டில் ஓர் ஆள் உண்டா?

மூன்றாம் வருஷம் ஊர் நாக்கு ருசி கண்டது. மிளகாய் இல்லாமல் குழம்பு கொதிக்கவில்லை. அப்போதுதான் அரண்மனைப் பண்டகசாலை அதிகாரி விடங்கர் வந்து சேர்ந்தார். அவளிடமே விதை வாங்கி, அவள் களத்திலேயே நின்று காயவைக்கும் பக்குவத்தைக் கேட்டுக்கொண்டார். மறுவாரம் தண்டோரா போட்டார்கள்: "இனி மிளகாய் விற்கும் உரிமை விடங்கருக்கு மட்டுமே!" பூவாயியின் கடையைச் சேவகர்கள் தூக்கித் தெருவில் போட்டார்கள்.

வயிறு எரிய அவள் சபைக்குப் போனாள்.

"மகாராசா, இது அநியாயம்! கை வளையலைக் கழட்டிக் குடுத்து வாங்கினது நான். அடிபட்டது நான். காவல்கூடத்துல மூணு நாள் கிடந்ததும் நான்."

ராஜா மீசையைத் தடவினார். "ஒரு பாதையில் முதலில் நடந்தவன் பாதை எனக்கே சொந்தம் என்று சொல்லலாமா, அம்மா?"

"சொல்லக் கூடாது ராசா. ஆனா முள்ளு தச்சதெல்லாம் அவன் கால்லதானே? பின்னாடி செருப்புப் போட்டுக்கிட்டு வந்தவரு, 'நீ ஓரமாப் போ'ன்னு அவனையே தள்ளலாமா?"

விடங்கர் சிரித்தார். "முதலில் வந்தது பெரிய வித்தையா, அரசே? நாக்கு உள்ளவன் எவனும் செய்வான்."

"அப்படியா?" என்றாள் பூவாயி. "நாளைக்கு இதே சபையில செஞ்சு காட்டுங்க ஐயா."

மறுநாள் ஒரு சட்டியைக் கொண்டுவந்து திறந்தாள். உள்ளே கருநீலமாக, வழவழவென்று ஏதோ கிடந்தது. சபை மூக்கைச் சுளித்தது.

"இந்த நிறத்துல ஒரு கிழங்கை இந்த நாட்டுல இதுவரைக்கும் யாரும் தின்னதில்ல. முதல் வாய் வைக்கிறவருக்கே இதை விக்கிற உரிமைன்னு ராசா சொல்லணும்."

"சொன்னேன்!" என்றார் ராஜா உற்சாகமாக. "விடங்கரே, எடும்."

விடங்கர் கை சட்டிவரை போய்த் திரும்பியது. "வைத்தியர் ஒருமுறை பார்க்கட்டுமே, அரசே."

வைத்தியர் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"ஒரு சேவகன் தின்னட்டும்... இல்லை, முதலில் ஒரு நாய்க்குப் போட்டுப் பார்த்துவிட்டு..."

"அந்த நாய் நான்தான்யா!" பூவாயியின் குரலில் சபை அதிர்ந்தது. "மூணு வருஷம் அந்த நாய் நான்தான்! நான் செத்தேனா பொழைச்சேனான்னு பார்த்துட்டுத்தானே நீ இலையைப் போட்டு உட்கார்ந்தே?"

சட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றாள். "சேப்பங்கிழங்கு ராசா. சங்குப்பூச் சாற்றுல வேகவச்சது."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரித்தார். பிறகு, "உன்னைக் காவல்கூடத்தில் பூட்டியது யார்?" என்று கேட்டார்.

"உங்க ஆளுங்கதான், ராசா."

ராஜாவின் சிரிப்பு நின்றது. தலை கொஞ்சம் குனிந்தது.

"உனக்கு என்ன வேண்டும், கேள்."

"எல்லாரும் விக்கட்டும், வேண்டாங்கல. நான் விக்கக் கூடாதுன்னீங்களே, அதுதான் பொறுக்கல."

"மூன்று விளைச்சலுக்கு மிளகாய் உனக்கு மட்டும். அதன்பின் ஊருக்குப் பொது. வளையலும் அரண்மனை தரும்" என்ற ராஜா, மறந்துவிடாமலிருக்க அப்போதே ஓலையில் எழுதவைத்தார். பிறகு விடங்கர் பக்கம் திரும்பினார். "முதலில் வருவது பெரிய வித்தை இல்லை என்றீரே. இனித் துறைமுகத்தில் புதிதாகத் தின்பண்டம் எது இறங்கினாலும் முதல் வாய் உம்முடையது."

அடுத்த மாதமே ஒரு கப்பல் வந்தது. உடம்பெல்லாம் முள்ளாக, துறைமுகம் முழுக்க நாறிக்கொண்டு ஒரு பழம் இறங்கியது. விடங்கர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவர் வாயைப் பார்த்தது.