இடது கை ஆணி

கடலைப் பார்த்து நின்ற ஒரு கோயிலில் மூன்று ஆணிகள் இருந்தன. சாண் நீளம், சதுரத் தலை. ஆண்டு முழுவதும் ஒரு மரப்பெட்டிக்குள், சிவப்புப் பட்டில் சுற்றி, ஒரு சுத்தியலோடும் ஒரு குறடோடும் அவை படுத்துக் கிடக்கும். பெரிய வெள்ளிக்கிழமை அன்றுதான் அவற்றுக்கு வேலை. காலையில் ஆண்டவருடைய மரச் சுரூபத்தை அவற்றால் சிலுவையில் அறைவார்கள். சாயங்காலம் அவற்றைப் பிடுங்கி, சுரூபத்தை இறக்கி அடக்கத்துக்கு எடுத்துப் போவார்கள்.

அறைவதும் பிடுங்குவதும் கயித்தானின் குடும்பத்து உரிமை. தாத்தா செய்தார், அப்பா செய்தார், இப்போது கயித்தான்.

அந்த ஆண்டு காலையில் அறைந்து முடித்து, சுத்தியலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கயித்தான் போனான். சுத்தியலின் உடம்பெல்லாம் நடுங்கியது.

"என்னவே, குளிருதா?" என்றது குறடு.

"கிண்டல் பண்ணாத. அவன் இன்னைக்கு ஒரு பேரைச் சொல்லிச் சொல்லி அடிச்சான்."

"ஆண்டவர் பேரைச் சொல்லியிருப்பான்."

"இல்ல. வஸ்தியான். ஒவ்வொரு அடிக்கும் வஸ்தியான், வஸ்தியான்னு."

குறடு, "எந்த ஆணிக்கு?" என்று கேட்டது.

"இடது கை ஆணிக்கு."

"கெட்டுது போ. நீ அறைஞ்சிட்டு வந்து சொகமாப் படுத்துக்கிட்ட. சாயங்காலம் ஊரே பார்க்க அதைப் பிடுங்கப் போறது நான்லா?"

வஸ்தியான் கயித்தானுடைய மனைவியின் தம்பி. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு புயலில், கயித்தானின் மகன் பிரிட்டோ தனியாகப் போன சின்ன வள்ளம் சுக்கான் முறிந்து தத்தளித்தது. வஸ்தியான் தன் வள்ளத்திலிருந்து கயிறு வீசி அதைக் கட்டி இழுத்து வந்தான். வழியில் வஸ்தியானின் வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறியது. அதில் ஆறு பேர் இருந்தார்கள். அவன் அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுத்தான். ஆறு பேரும் கரை சேர்ந்தார்கள். பிரிட்டோ சேரவில்லை. புதைக்க உடல்கூடக் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து கயித்தான் வஸ்தியானின் முகத்தைப் பார்க்கவில்லை. செபம் சொல்லும்போது, 'எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல' என்ற இடம் வந்தால் அவன் வாய் மூடிக்கொள்ளும். அதைத் தாண்டி அடுத்த வரியில்தான் திறக்கும். வஸ்தியானோ கோயிலுக்கு வந்தால் கடைசித் தூணைத் தாண்டி உள்ளே வருவதில்லை.

சாயங்காலம் ஆயிற்று. பீடத்தில் துணியில்லை, பூவில்லை. மற்றச் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். மணி அடிக்கக் கூடாத நாள் என்பதால் மரக்கட்டையைத் தட்டினார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும், வாசலுக்கு எதிரே இருந்த கடலும் அடங்கியது. அலை இருந்தது, சத்தம் மட்டும் இல்லை.

நீளமான வெள்ளைத் துணி ஒன்றைச் சுரூபத்தின் மார்பில் கொடுத்து, இரண்டு அக்குளுக்கும் அடியில் வாங்கி, சிலுவைக்கு மேலாகப் பின்பக்கம் விட்டிருந்தார்கள். அதன் முனைகளைப் பிடித்துத்தான் உடலைத் தாங்க வேண்டும். முன்பெல்லாம் வஸ்தியான் பிடிப்பான். இப்போது கோயில் உபதேசியார் பிடித்திருந்தார். அவருக்கு வயதாகிவிட்டது.

கயித்தான் ஏணியில் ஏறினான். வலது கை ஆணி இரண்டு இழுப்பில் வந்தது. மூட்டு வைத்த அந்த மரக் கை மடங்கி விழுந்து, கயித்தானின் தோளில் கிடந்தது. அதை எடுத்துவிட அவனுக்குத் துணிவு வரவில்லை. இறங்கிக் கால் ஆணியைப் பிடுங்கினான். "அப்பாடா, என்ன பாரம்," என்றது கால் ஆணி. அது அவனுக்குக் கேட்கவில்லை.

ஏணியை மாற்றிப் போட்டு இடது பக்கம் ஏறினான். சுரூபம் இப்போது ஒரு கையில் தொங்கி மெல்ல ஆடியது.

இடது கை ஆணி அசையவில்லை. குறடு பல்லை இறுக்கிக் கடித்தது. ஆணி அசையவே இல்லை.

"என்ன கயித்தான், துருப் பிடிச்சிட்டா? தேங்காண்ண கொண்டாரச் சொல்லவா?" என்றார் உபதேசியார். "சீக்கிரம் பாரும்வே. எனக்குக் கை கடுக்குது."

கீழே சனங்கள் முணுமுணுவென்று செபம் சொல்லத் தொடங்கினார்கள். கயித்தான் மறுபடியும் இழுத்தான். "வா," என்றான் பல்லுக்குள்.

"யார் கையிலேருந்து?"

அந்தக் குரல் காது வழியாக வரவில்லை. குறட்டின் வழியாக அவன் உள்ளங்கைக்குள் ஏறியது.

"ஆண்டவர் கையிலேருந்து," என்றான் கயித்தான். உதடு மட்டும் அசைந்தது.

"காலையில நீ சொன்னது அவர் பேரு இல்லையே."

கயித்தான் குறட்டை இன்னும் இறுக்கினான். "அவன் கயித்தை அறுத்தவன். நீ அங்க இருந்தியா? நீ பார்த்தியா?"

"நான் பார்க்கல. ஆனா நீ என்னை அறைஞ்சிருக்கது கயித்தை அறுத்த அந்தக் கையிலதான். இங்க இருட்டா இருக்கு. தண்ணிச் சத்தம் கேக்குது."

அப்போது ஆணி இருந்த துளையிலிருந்து ஏதோ கசிந்து, குறட்டில் இறங்கி, கயித்தானின் முழங்கை வரை வழிந்தது. ரத்தமோ என்று பயந்து பார்த்தான். தண்ணீர்தான். ஒரு சொட்டு உதட்டில் தெறித்தது, உப்புக் கரித்தது.

"ஒரு பையன் கத்துறான்," என்றது ஆணி.

கயித்தானின் கால் ஏணியில் நழுவப் பார்த்தது. "என்னையா கூப்பிடுறான்?"

"இல்ல. 'மாமா, விட்டுராதீங்க. மாமா, விட்டுராதீங்க.' இதேதான் சொல்லிக்கிட்டு இருக்கான். மாமா வந்து பிடிக்கிற வரைக்கும் நிறுத்த மாட்டான் போலிருக்கு."

கீழே செபம் அந்த வரிக்கு வந்திருந்தது. 'எங்களுக்குத் தீமை செய்தவர்களை...'

கயித்தான் சிலுவையின் மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டான். செபம் முடிந்து மறுபடி தொடங்கியது. அவன் திரும்பினான், ஏணியில் நின்றபடியே கடைசித் தூணைப் பார்த்தான்.

"மாப்ள," என்றான்.

யாருக்கும் புரியவில்லை. புரிந்த ஒருவன் தூணுக்குப் பின்னால் இன்னும் ஒதுங்கினான்.

"ஏய் வஸ்தியான். ஒன்னத்தாம்ல. வந்து துணியப் பிடி."

சனங்கள் வழி விட்டார்கள். வஸ்தியான் தட்டுத் தடுமாறி வந்து சிலுவையின் அடியில் நின்றான். தாடிக்குள் அவன் முகம் கிழவன் முகம்போல் ஆகியிருந்தது.

"அத்தான், என் கையாலயா? வேண்டாம் அத்தான். இந்தக் கையால..."

"அந்தக் கையாலதான்," என்றான் கயித்தான். "விட்டுராத."

உபதேசியார் முனைகளைக் கொடுத்தார். வஸ்தியான் அவற்றை வாங்கி, மணிக்கட்டில் சுற்றி, இன்னொரு முறையும் சுற்றி, காலை அகட்டிக்கொண்டு நின்றான்.

கயித்தான் குறட்டை மறுபடி வைக்கும் முன்பே இடது கை ஆணி வழுக்கிக்கொண்டு வந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது. ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது.

உடல் இறங்கியது. இவ்வளவு மெதுவாக அது இறங்கி ஊரில் யாரும் பார்த்ததில்லை. மல்லிகை பரப்பிய பாடையில் அதைக் கிடத்தினார்கள். வெளியே கடலின் சத்தம் திரும்பி வந்தது.

பெட்டிக்குள் போட்டதும் மற்ற இரண்டு ஆணிகளும் கேட்டன: "இன்னும் கேக்குதா?"

"இல்ல," என்றது இடது கை ஆணி. "பிடிச்சிட்டாரு."

பாடையைத் தூக்க ஆட்கள் தோள் கொடுத்தார்கள். தூக்க முடியவில்லை. துணி இன்னும் சிலுவையின் பின்னால் விறைப்பாக நின்றது. விடச் சொல்லி உபதேசியார் சொன்னார், பங்குச் சாமியார் சொன்னார். வஸ்தியான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கை நரம்பெல்லாம் புடைக்க, துணியைப் பிடித்தபடியே நின்றான்.

கயித்தான் பின்னால் போய், அவன் மணிக்கட்டிலிருந்து ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தான்.

"விடு மாப்ள," என்றான். "கரை வந்துட்டு."