தாகை போர்த்திய பாத்தி

தணிகாசலம் வாத்தியார் ஆசிரமத்தில் வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபத்தொரு வயது. குரு உண்ணாமலை அம்மாவுக்கு நாற்பத்திரண்டு. இதில் ஊர்க்காரர்களுக்குத்தான் சங்கடமே தவிர, அவர்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. அவர் 'அம்மா' என்பார், அம்மா 'வாத்தியாரே' என்பார். கோத்தகிரிச் சரிவில் ஓர் ஓட்டுக் கட்டடம், ஒரு ஏக்கர் தேயிலை, நாலைந்து பேர். ஆசிரமம் என்றால் அவ்வளவுதான்.

மார்கழியில் ஒரு வியாழக்கிழமை வாத்தியாருக்குக் கடிதம் வந்தது. ஆறு வருஷமாகப் பேச்சே இல்லாத மகள் அரசி எழுதியிருந்தாள். கனடாவில் வேலை கிடைத்திருக்கிறது, போனால் எப்போது திரும்புவேனோ தெரியாது, ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை மணி பஸ்ஸில் வருகிறேன். பார்க்க இஷ்டமில்லை என்றால் நிறுத்தத்துக்கு வரவேண்டாம், அதே பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன்.

வாத்தியார் கடிதத்தை அம்மாவிடம் நீட்டினார். தாயில்லாப் பெண்ணை அவர் பொத்திப் பொத்தி வளர்த்த கதையைச் சொன்னார். எந்தத் தோழி, எந்தப் படிப்பு, எந்த நிறத்தில் சுடிதார், எல்லாம் அவர் தீர்மானம். இருபத்துநாலு வயதில் ஒரே ஒரு பையோடு அவள் வீட்டை விட்டுப் போனாள். இவர் தேடவில்லை. அவள் இரண்டு தடவை போன் செய்தாள், இரண்டு தடவையும் எடுக்கவில்லை. ரோஷமாம். அந்த ரோஷம் வீட்டில் விளக்கேற்றக்கூட உதவவில்லை.

"கிட்ட வச்சிருந்தேன், வெந்து போனா. எட்ட வச்சேன், ரெண்டு பேருமே விறைச்சுப் போயிட்டோம். எவ்வளவு தூரத்துல இருக்கணும்னு மட்டும் சொல்லுங்கம்மா."

அம்மா கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"வானம் துடைச்சு விட்ட மாதிரி கிடக்கு. உறைபனி விழும். தேயிலை நாத்துப் பைங்க கொட்டகையில இருக்கு. ஒரு நாளைக்கு ஒரு பாத்தியா வெளியில அடுக்கிப் பாத்துக்குங்க."

கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்று வாத்தியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் குரு சொல் குரு சொல்தானே. பொழுது சாய்வதற்குள் நூறு பைகளை அடுக்கி, பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தி, ஓரமெல்லாம் கல் வைத்து அடைத்தார். எறும்பு நுழைய வழியில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது புல்லெல்லாம் வெள்ளை, ஷீட்டுக்குள் நாற்றெல்லாம் பச்சை. வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. தனக்கே குளிர் விடவில்லை என்று குரங்குக் குல்லாவோடு அடுப்படியில் உட்கார்ந்தவர், ஷீட்டை எடுக்கவே இல்லை. கீழேயிருந்து வருகிறவர்கள் செய்கிற தப்புதான் இது. மலைக் குளிரைக் கண்டு பயப்படத் தெரியும், மார்கழி மத்தியான வெயிலைத் தெரியாது. மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தால் நூறு நாற்றும் அவித்த கீரையாகக் கிடந்தன.

அவமானம் பிடுங்கித் தின்றது. 'என் கை பட்டாலே எதுவும் உருப்படாது' என்று முணுமுணுத்துக்கொண்டு அன்று சாயங்காலம் இரண்டாவது பாத்தியை அடுக்கினார். அடுக்கியதோடு சரி, ஒரு துணிகூடப் போடாமல் போய்ப் படுத்துவிட்டார். சனிக்கிழமை காலை இலை மேலெல்லாம் உப்பு தூவினாற்போல் பனி. வெயில் ஏறினதும் நாற்றெல்லாம் கருகிப்போனது. அம்மா வந்து பார்த்தார், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது வாத்தியாருக்கு.

அன்று சாயங்காலம் அம்மாவே அரிவாளோடு சரிவில் இறங்கினார். தேயிலை பறித்து வளர்ந்த கை அது. தாகை என்று அங்கே சொல்லும் பெரணிச் செடியைக் கட்டுக் கட்டாக அறுத்துப் போட, வாத்தியார் சுமந்து வந்தார். மூன்றாவது பாத்தியின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பினார்கள். வாத்தியார் பயந்துபோய் மேலே மேலே அடுக்க, அம்மா பாதியை எடுத்துக் கீழே போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தாகை மேல் வெள்ளை படிந்திருந்தது, அடியில் நாற்று பச்சை மாறவில்லை. வெயில் வந்ததும் வாத்தியார் பதறிப்போய்த் தாகையை எடுக்க ஓடினார். அம்மா தடுத்தார்.

"விடுங்க. இடுக்கு வழியா வேணுங்கிற வெயில் இறங்கும். வேண்டாத சூடு அதே வழியா மேல போயிடும்."

வாத்தியார் அப்படியே பாத்தியோரம் உட்கார்ந்துவிட்டார். இந்தப் பாடத்தை அவர் முப்பத்தைந்து வருஷம் எட்டாம் வகுப்பில் நடத்தியவர். ஒரு வருஷம், முதல் பெஞ்சில் அரசி இருந்தாள், சிவப்பு ரிப்பன் கட்டி. அவர் கரும்பலகையில் பூமியை வரைந்து, சுற்றிலும் நீலச் சாக்பீஸால் காற்றைப் போட்டார். பக்கத்தில் சந்திரனை வெறுமனே விட்டார். அவள் எழுந்து, "சந்திரனுக்குப் போர்த்திக்க ஒண்ணுமே இல்லையாப்பா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. இங்கே நான் அப்பா இல்லை, சார் என்று சொல்லி உட்காரவைத்தார். அதற்கப்புறம் அவள் வகுப்பில் கேள்வியே கேட்கவில்லை. அந்த ஒரு பீரியட் திரும்பக் கிடைத்தால் பென்ஷன் மொத்தத்தையும் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது அவருக்கு.

வானத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள் என்று அம்மா கேட்டார்.

"பூமியைச் சுத்திக் காத்து இருக்கும்மா. பகல்ல வெயிலை மட்டுப்படுத்தும், ராத்திரி சூடு மொத்தமும் ஓடிப்போகாம பிடிச்சு வைக்கும். வெள்ளிக் கிரகத்துல அந்தக் காத்து மிதமிஞ்சிப் போச்சு, அங்க ஈயமே உருகிடும். சந்திரன்ல காத்தே இல்லை. பகல்ல கொதிக்கும், ராத்திரி உறையும்."

"சந்திரன் சூரியனை விட்டு ரொம்பத் தள்ளியிருக்கோ?"

"இல்லம்மா. சூரியன்லேருந்து பூமிக்கும் அதுக்கும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான்."

அம்மா தலையாட்டினார். நாற்றுப் பையில் முளைத்திருந்த களை ஒன்றைக் கிள்ளிப் போட்டார். மணி ஒன்பதாகிவிட்டது. வாத்தியாருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையேம்மா. என் பொண்ணுக்கும் எனக்கும் எவ்வளவு தூரம் இருக்கணும்?"

"பூமிக்கும் சந்திரனுக்கும் ஒரே தூரம்னு நீங்கதானே சொன்னீங்க, வாத்தியாரே. இன்னும் தூரத்தையே ஏன் கேட்டுக்கிட்டிருக்கீங்க?"

வாத்தியார் பாத்தி மேல் கிடந்த தாகையை ஒரு தடவை பார்த்தார். கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து இறங்கினார்.